முதலையின் பங்காளி

திருப்பதி மலையடிவாரத்தில், ரேணிகுண்டா போகிற பக்கம், ஒரு அறக்கட்டளை நடத்துகிற ஊர்வனப் பூங்கா இருக்கிறது. சாமி பார்த்துவிட்டு இறங்கி வருகிறவர்கள், ரயிலுக்கு நேரமிருந்தால், பிள்ளைகுட்டிகளோடு அங்கே வந்து சேருவார்கள். முதலைக் குட்டையைச் சுற்றிக் கம்பி வேலி. வேலி ஓரம் நெடுக மொட்டைத் தலைகள், சந்தனம் காய்ந்தும் காயாமலும். அந்தத் தலைகளுக்கு எதிரில் நின்று ரோஹிணி தினமும் ஒரு கேள்வி கேட்பாள்.

முதலைக்கு ரொம்ப நெருங்கிய பங்காளி யார்?

தமிழிலும் கேட்பாள், தெலுங்கிலும் கேட்பாள். எந்த மொழியில் வந்தாலும் பதில் ஒன்றுதான்: உடும்பு. கொஞ்சம் யோசிக்கிறவர்கள் பல்லி என்பார்கள். ரொம்ப யோசிக்கிறவர்கள் ஆமை என்பார்கள். எல்லாரும் சொல்லி ஓய்ந்த பிறகு, காலையில் கறிக்கடையில் கேட்டு வாங்கி வைத்திருந்த கோழிக்கால் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து உயரத் தூக்கிப் பிடிப்பாள். மஞ்சள் கால், அதன் மேல் வரிசை வரிசையாகச் செதில். கூட்டம் சிரிக்கும். சிரித்து முடிக்கட்டும் என்று அவளும் நிற்பாள்.

பிறகுதான் கதை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் முதுகெலும்பு உள்ளதையெல்லாம் ஐந்து பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள்: மீன், தவளை, ஊர்வன, பறவை, பாலூட்டி. செதில் இருக்கிறதா, இறகு இருக்கிறதா என்று வெளியே பார்த்துப் போட்ட பெட்டி அது. பிறந்த வழியைப் பார்த்தால் கணக்கு மாறிப்போகும். பாம்பும் பல்லியும் உடும்பும் ஒரே வகையறா. பல்லிக் கூட்டத்தில் காலை உதறிவிட்டுப் போன கிளைதான் பாம்பு. முதலை அந்த வகையறாவே இல்லை. முதலையும் பறவையும் ஒரு கொடியில் வந்தவை, செத்தொழிந்த டைனோசர்களும் அதே கொடிதான். பல்லிக்கும் பாம்புக்கும் இதயத்தில் மூன்று அறை, முதலைக்கும் கோழிக்கும் நான்கு. முட்டைக்குள் இருக்கும்போதே கோழிக்குஞ்சு மாதிரியே முதலைக்குஞ்சும் கத்தும்; தாய் ஓடி வந்து மண்ணைத் தோண்டும். ஆமை யார் வீட்டுப் பங்காளி என்று அறிஞர்கள் வெகுகாலம் பஞ்சாயத்து நடத்தினார்கள். மரபணுவைப் பார்த்த பிறகு அதுவும் முதலை, கோழி பக்கமே சாய்ந்தது. நமக்கும் நான்கு அறை இதயம்தானே என்று யாராவது விவரமானவர் மடக்கினால், அது நாம் தனியாகக் கட்டிக்கொண்ட வீடு என்பாள். தரையில் முட்டையிடப் பழகிய அந்தப் பழைய குடும்பத்திலிருந்து முதலில் பாகம் பிரித்துக்கொண்டு போனவர்கள் பாலூட்டிகளான நாம். தவளை அதற்கும் முன்னே பிரிந்தது. மீன் எல்லாருக்கும் மூத்த வீடு.

இதெல்லாம் மொட்டைத் தலைக்குள் இறங்குமா என்று கேட்கலாம். இறங்குவதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. பங்காளி என்றால் அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் நமக்கும் தீட்டு; எவ்வளவு பழகினவராக இருந்தாலும் மற்றவருக்கு இல்லை.

"கோழி செத்தா தீட்டுக் காக்க வேண்டியது முதலதான்" என்பாள். "பல்லி தலைக்குத் தண்ணி ஊத்திக்கினாலும் கணக்குல சேராது. தோலப் பாத்து சொந்தம் சொல்லாதீங்க."

இந்த இடத்தில் கிழவர்கள்கூடக் கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்காக எத்தனை வெயிலிலும் நிற்கலாம் என்றிருந்தது அவளுக்கு.

ரோஹிணிக்கு ஊர் விஜயபுரம் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமம். தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் குனிந்த குடும்பம். அப்பா பாலையா காலத்தில்தான் ஒரு துண்டு நிலம் பெயருக்கு வந்தது. அதில் வேர்க்கடலை போட்டார். ரோஹிணிக்கு ஆறு வயதில் மூச்சிரைப்பு. ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே தூங்குவாள். ஆஸ்பத்திரி, மந்திரம், தாயத்து, எதற்கும் அடங்கவில்லை. உடும்பு சூப் கொடுத்தால் நெஞ்சு உரமாகும் என்று ஊரில் ஒரு பழைய வைத்தியம். பாலையா வரப்புப் பொந்தில் ஒரு உடும்பைப் பிடித்தார். அம்மா வெங்கடலட்சுமி மிளகு தட்டிப் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். இரைப்பு நின்றது. சூப்பால் நின்றதா, வயது ஏறினதால் தானே நின்றதா, சொல்வதற்கில்லை. ஆனால் மகளைப் பிழைக்க வைத்தது அந்த உடும்புதான் என்பதில் பாலையாவுக்கு இன்றுவரை சந்தேகம் கிடையாது.

உடும்பைக் கொல்வது குற்றம் என்று ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் சொன்னபோது ரோஹிணிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அதற்குப் பிறகு ஊர்வன ஜாதியைப் பற்றி என்ன கிடைத்தாலும் படித்தாள். படித்துப் படித்தே திருப்பதியில் விலங்கியல் எம்.எஸ்ஸி. வரைக்கும் வந்துவிட்டாள். பூங்காவில் ஒப்பந்த வேலை கிடைத்ததும், முதல் நாள் போய் நின்றது உடும்புக் கூண்டுக்கு முன்னால். யாரோ விரித்த வலையில் சிக்கி, வனத்துறையார் காப்பாற்றிக் கொண்டுவந்து விட்ட கிழட்டு உடும்பு அது. நாக்கை நீட்டி அவளை மோப்பம் பார்த்தது. அவளுக்குக் கண் கலங்கியது. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

பார்த்தது பிரியங்கா. அவளும் அதே வேலைக்கு அதே வாரம் சேர்ந்தவள். நகரிக்காரி. வீட்டின் பின்கட்டில் பவர்லூம் ஓடும். அந்தச் சத்தத்திலேயே வளர்ந்ததால் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவாள். பூங்காவில் மற்ற எல்லாரும் தெலுங்கு பேசுகிறவர்கள். முதலைக்குத் தீனி போடுகிற தங்கவேலு மட்டும் தமிழ் ஆள், ஆனால் அவர் எந்த மொழியிலும் பேசுகிற ஆள் இல்லை. "தள்ளு", "கேட்ட மூடு" என்பதற்கு மேல் ரோஹிணியிடம் ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொன்னது கிடையாது. அதனால் இரண்டு பெண்களும் ஒட்டிக்கொண்டார்கள். ஒரே படிப்பு, ஒரே பேச்சு, ஒரே அறை. ஒருத்தி சுடிதாரை இன்னொருத்தி போட்டுக்கொண்டு போவாள். அக்கா தங்கச்சியா என்று டிக்கெட் கவுண்டரில் கேட்டால் இரண்டு பேரும் ஆமாம் என்பார்கள்.

ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ரோஹிணி ஒரு டிபன் கேரியர் கொண்டு வருவாள். வெங்கடலட்சுமி வைத்த நாட்டுக்கோழிக் குழம்பு. பிரியங்காவுக்கு அது உயிர். கோழிக்காலைத் தீயில் வாட்டிக் குழம்பில் போடுவது அவர்கள் ஊர் வழக்கம். அந்தக் காலைப் பிரியங்காவுக்கென்றே தனியாக எடுத்து வைப்பாள் ரோஹிணி. அவள் ஒவ்வொரு விரலாகக் கடித்து உறிஞ்சுவாள். "முதலையோட பங்காளிய முடிச்சிட்டேன்டி" என்று எலும்பைத் தட்டில் போடுவாள்.

அடைமழை பெய்த ஒரு மத்தியானம், கூட்டமே இல்லாத நேரத்தில், உடும்பு சூப் கதையை ரோஹிணி அவளிடம் சொன்னாள். அதுவரை வெளியே யாரிடமும் சொன்னதில்லை. அவர்கள் ஜாதி சனத்தைப் பார்த்து, கண்டதையும் துன்னுகிறவர்கள் என்று பேசுகிற வாய்கள் அந்தப் பக்கத்தில் எத்தனை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னாள். பிரியங்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அதனாலதான் அன்னிக்கி அழுதியா என்று கேட்டாள். ரோஹிணிக்குப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

அந்த வருஷம் பூங்காவில் நிரந்தர வேலை ஒன்று வருவதாகப் பேச்சு. கல்வி அலுவலர், ஒரே ஒரு இடம். ரோஹிணிக்குத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். மேனேஜரே வெளியூர் விருந்தாளிகள் வந்தால் அவள் பேச்சைக் கேட்கத்தான் அழைத்து வருவார். ரோஹிணி அந்த வேலையை ஆசைப்பட்டாள் என்று சொன்னால் போதாது. அந்தக் குட்டை ஓரத்தை விட்டால் தனக்கு உலகத்தில் வேறு இடம் இல்லை என்று நினைத்தாள். யாருக்கு வந்தாலும் மற்றவள் சந்தோஷப்பட வேண்டும் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். பேசி வைப்பதில் யாருக்கு என்ன கஷ்டம்?

தீபாவளி முடிந்து நாக சதுர்த்தி வந்தது. அன்று வரப்பில் இருக்கிற புற்றுக்குப் பால் ஊற்ற வெங்கடலட்சுமிக்கு மகள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். பாம்பு பால் குடிக்காது என்று வருஷம் தவறாமல் சொல்லிக்கொண்டே மகளும் போய்ச் சொம்பைப் பிடிப்பாள். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. கடைசிக் காட்சி யாருடையதோ அவர்தான் உடும்புக் கூண்டின் பின்பக்க ஷட்டரை இறக்கிப் பூட்ட வேண்டும். அன்று ரோஹிணியின் முறை. மேகம் கட்டிக்கொண்டு வந்தது. நீ பஸ்ஸைப் பிடி, ஷட்டரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பிரியங்காதான் அவளைத் துரத்தாத குறையாக அனுப்பி வைத்தாள். பஸ் வடமாலபேட்டை தாண்டும்போது மழை கொட்டியது. நல்லவேளை, இவள் ஒருத்தி இருக்கிறாள் என்று ரோஹிணி ஜன்னலைச் சாத்தினாள்.

சதுர்த்திக்கு விரதம். மறுநாள் விடியற்காலையில் கோழி அடித்துக் குழம்பு. ரோஹிணி கேரியரோடு முதல் பஸ்ஸில் திரும்பினாள்.

பூங்கா வாசலிலேயே அவளை நேராக ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள். உள்ளே மேனேஜர், வனத்துறை ஆள் ஒருவர், ஓரமாகப் பிரியங்கா. உடும்பைக் காணவில்லை. ஞாயிற்றுக்கிழமை யார் ஷட்டரை இறக்கியது என்று மேனேஜர் தெலுங்கில் கேட்டார். பிரியங்கா சொல்வாள் என்று ரோஹிணி அவள் முகத்தைப் பார்த்தாள். பிரியங்கா மேஜையைப் பார்த்தாள். நான் சீக்கிரம் கிளம்பிவிட்டேன், பிரியங்கா பூட்டுவதாகச் சொன்னாள் என்று ரோஹிணியே சொல்ல வேண்டியதாயிற்று. அப்படி எதுவும் பேச்சு நடக்கவில்லை என்றாள் பிரியங்கா. மேனேஜர் ரோஹிணியின் கையிலிருந்த கேரியரைப் பார்த்தார். சின்ன வயதில் உங்கள் வீட்டில் உடும்பு சமைத்தார்களாமே, உண்மையா என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எங்கேயிருந்து வந்தது என்று புரிய ரோஹிணிக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. ஆமாம் என்றாள். பொய் சொல்லத் தோன்றவே இல்லை.

வனத்துறைக்காரர் கேரியரைத் திறக்கச் சொன்னார். திறந்தாள். மிளகு வாசம் அறையெல்லாம் பரவியது. குழம்புக்கு மேலே கோழிக்கால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. தீயில் வாட்டிக் கறுத்துப்போன கால், சுருங்கின விரல், செதில் அடையாளம் தெளிவாக. மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். அவர் சைவம். அவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. முதலையையும் கோழியையும் பங்காளி என்று அவள் தினமும் தூக்கிக் காட்டிய அதே செதில், இன்று அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்து உட்கார்ந்திருந்தது.

ரோஹிணி பிரியங்காவிடம் திரும்பினாள். "நீயே சொல்லுடி. மாசா மாசம் துன்னவ நீதான. இது இன்னா கறி?"

பிரியங்கா எட்டிப் பார்த்தாள். விலங்கியல் படித்தவள். ஒரு எலும்பைத் தொட்டாலே எந்த ஜந்து என்று சொல்லிவிடக்கூடியவள். அந்தக் காலை எத்தனை முறை கடித்தவள். தனக்குத் தெரியவில்லை என்று மேனேஜரிடம் தெலுங்கில் சொன்னாள்.

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பதைப் பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. அந்த நேரம் உடும்பின் மேலோ வேலையின் மேலோ ரோஹிணியின் நினைவு போகவில்லை. அம்மா விடியற்காலையில் எழுந்து மிளகு இடித்ததுதான் நினைவுக்கு வந்தது.

குழம்பில் கொஞ்சம் எடுத்து ஹைதராபாத்தில் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிறவரைக்கும் வர வேண்டாம் என்றார்கள். சாமானை எடுக்க அறைக்குப் போனபோது பிரியங்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் மடித்ததில் ரோஹிணியின் சுடிதாரும் இருந்தது.

"இன்னாத்துக்குடி இப்பிடி பண்ண?" என்று கேட்டாள் ரோஹிணி.

"நான் பொய்யா சொன்னேன்? நீ சொன்னதத்தான சொன்னேன்."

"ஷட்டரு?"

பிரியங்கா இன்னொரு துணியை எடுத்து உதறி மடித்தாள். "மழை வந்துகினு இருந்துச்சி, மறந்துட்டேன். எனக்கும் அந்த வேல வேணும்டி. உனக்கு மட்டும்தானா?" என்றாள். பிறகு அந்தச் சுடிதாரைத் தனியே எடுத்து ரோஹிணியின் பெட்டி மேல் வைத்தாள். அழுதிருந்தால்கூட ரோஹிணிக்கு ஆறியிருக்கும். அவள் அழவில்லை.

வனத்துறை ஜீப் விஜயபுரம் வரைக்கும் போனது. பாலையா வீட்டில் பானை, குதிர், கோழிக்கூண்டு எல்லாவற்றையும் புரட்டினார்கள். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. ஜீப் போன பிறகு பாலையா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். ரோஹிணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கி நான் அத்தப் புடிக்காம இருந்திருந்தா உனக்கு இந்த கதி இல்லம்மா" என்றார்.

"புடிக்காம இருந்திருந்தா நானே இல்ல நைனா" என்றாள் ரோஹிணி. சூப்பால் மூச்சிரைப்பு போகாது என்று படித்த பெண் அவள். அப்பாவுக்காக அன்று படிப்பை ஓரமாக வைத்தாள்.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. தங்கவேலு. முதலைக் குட்டைக்குப் பின்னால் மழைத்தண்ணீர் போகிற குழாய்க்குள் உடும்பு இருந்ததாம். எலியும் தவளையும் துன்று நன்றாகக் கொழுத்துப்போயிருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சாவியோடு உடும்புக் கூண்டுப் பக்கம் போனது பிரியங்காதான், மழைக்குப் பயந்து பாதியில் ஓடினதைத் தான் பார்த்ததாக மேனேஜரிடம் இப்போது சொல்லிவிட்டாராம். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று ரோஹிணி கேட்டாள்.

"யாரும் என்னக் கேக்கல. நானும் வாயத் தொறக்கல. தப்பு என்து" என்றார் அந்த மனிதர். கோழி என்று சோதனையிலும் வந்துவிட்டதாம். வந்து வேலையைக் கேள் என்றும் சொன்னார். அவர் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி ரோஹிணி கேட்டது அதுதான் முதல் தடவை.

போனாள். மேனேஜர் டீ வரவழைத்தார். நடந்ததற்கு வருத்தப்படுவதாகச் சொன்னார். ஆனால் கல்வி அலுவலர் இடத்தை நிரப்பியாயிற்று. கொடுத்த உத்தரவைத் திருப்பி வாங்க முடியாது என்றார். மறுபடி ஒப்பந்தத்தில் சேரலாமே, பிரியங்கா மேடத்துக்கு உதவியாக இருக்கலாமே என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார், அதுதான் வேடிக்கை. உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும் என்று ரோஹிணி எழுந்து வந்துவிட்டாள். டீ அப்படியே இருந்தது.

இப்போது அவள் நகரியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். பிள்ளைகளுக்கு ரோஹிணி மிஸ் என்றால் உயிர். ஐந்து பெட்டிப் பாடம் வருகிற அன்று அவள் கோழிக்காலோடு வகுப்புக்கு வருவாள் என்பது கீழ் வகுப்பு வரைக்கும் பரவியிருக்கிறது. பிரியங்காவின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அந்தத் தெருவழியாகப் போக நேர்ந்தால் ரோஹிணி சுற்றிக்கொண்டு போவாள். ஆறிவிட்டது என்று சொல்லிக்கொள்வாள். ஆறவில்லை. கோபம்கூடப் போய்விட்டது; அந்தக் கேரியரை எட்டிப் பார்த்த முகம் மட்டும் போக மாட்டேன் என்கிறது.

போன வருஷம் ஏழாம் வகுப்புக்குச் சுற்றுலா. எங்கே என்று தலைமையாசிரியரே முடிவு செய்துவிட்டார். அறிவியல் டீச்சர் கூடப் போகாமல் தீராது. லீவு போடலாமா என்று யோசித்துப் பார்த்தாள். தப்பு செய்தவள் அங்கே நிற்கிறாள், நான் ஏன் ஒளிய வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

வேலி ஓரம் அதே மொட்டைத் தலைகள். நடுவில் பூங்கா சட்டை, பெயர்ப் பட்டையோடு பிரியங்கா, கையில் மைக். பிள்ளைகள் முன்னால் போய் நின்றார்கள். ரோஹிணி பின்னால் ஒரு வேப்பமரத்தடியில் நின்றாள். முதலைக்கு ரொம்ப நெருங்கிய பங்காளி யார் என்று பிரியங்கா கேட்டாள். அதே இழுப்பு, "பங்காளி"யில் அதே நிறுத்தம்.

கூட்டம் உடும்பு என்று வாயெடுப்பதற்குள் ஏழாம் வகுப்பு மொத்தமும் கோழி என்று கத்தியது.

பிரியங்கா பைக்குள் விட்ட கையோடு நின்றுவிட்டாள். பிள்ளைகளைப் பார்த்தாள், அவர்கள் சீருடையைப் பார்த்தாள், பிறகு வேப்பமரத்தடிக்கு வந்தது பார்வை. காட்சியை நிறுத்த முடியாதே. கோழிக்காலை எடுத்தாள், பிளாஸ்டிக்கில் செய்தது. நாலு அறை இதயம் சொன்னாள். ஆமைப் பஞ்சாயத்து சொன்னாள். கோழி செத்தால் என்று ஆரம்பித்ததும், தீட்டு முதலைக்கு என்று பிள்ளைகள் முடித்து வைத்தார்கள். மொட்டைத் தலைகள் கை தட்டின. குட்டைக்கு அந்தப் பக்கம் தீனி வாளியோடு நின்ற தங்கவேலு, ரோஹிணியைப் பார்த்துத் தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

கூட்டம் கலைந்தது. பிரியங்கா மைக்கை நிறுத்திவிட்டு நாலடி தள்ளி நின்றாள். ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி இருந்தது. அதற்குள் அகிலா என்கிற பெண், வகுப்பில் எதையும் கேட்காமல் விடாதவள், ரோஹிணியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ், அவங்களும் உங்கள மாதிரியே பேசறாங்களே. அதே வார்த்த, அதே ஜோக்கு. உங்களுக்குப் பங்காளியா?"

பிரியங்கா நின்ற இடத்திலேயே நின்றாள். காதில் விழும் தூரம்தான். ரோஹிணி குரலைத் தாழ்த்தவில்லை.

"வெளியப் பாத்தா அப்பிடித்தாம்மா தெரியும்" என்றாள். "இல்ல."